கரடியின் கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தொழிலைக் கேள்விப்பட்டதும் என்னை ஒரு தங்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டு வாசிப்பீர்கள். நான் கை நீட்டுகிறவள். மீற்றரில் ஏமாற்றிய த்ரீவீல் சாரதி ஒருவனின் கொலரை கொழும்பு, காலி வீதியில் வைத்துப் பிடித்திருக்கிறேன். வரிசையில் இடித்த ஒருத்தனைக் குடையால் விளாசியிருக்கிறேன். அவற்றையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன், கேட்பவர்களும் சிரிப்பார்கள். என் மகளுக்கு அடித்ததை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

நான் பொம்மை அசைக்கிறவள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, நாலு மேசைகளில் ஒரு காடு போட்டிருந்தோம். அந்தக் காட்டில் ஒரு கரடி, ஒரு முள்ளம்பன்றி, ஒரு மலையணில், ஒரு அழுங்கு, ஒரு தேவாங்குக் குட்டி. தொலைக்காட்சிக்குச் சிறுவர் தொடர். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவருக்கு ஏதாவது இக்கட்டு வரும். மற்றவர்கள் ஓடிவந்து உதவி செய்வார்கள். எங்கள் காட்டில் யாரும் யாரையும் கடிப்பதில்லை, அதட்டுவதுகூட இல்லை. கரடிக்கு எவ்வளவு பசித்தாலும் பழந்தான்.

அந்தப் பாசக்காரர்களை நாங்கள் படுத்துகிற பாட்டைப் பிள்ளைகள் கண்டால் தொடரைப் பார்க்கவே மாட்டார்கள். அசையாமல் நிற்பதற்காக உள்ளங்காலில் ஆணி ஏற்றி, பலகையின் அடியிலிருந்து முறுக்கி இறுக்குவோம். கண்ணை ஊசியால் குத்தித் திருப்புவோம். முகம் மாற வேண்டுமென்றால் தலையையே கழற்றி வேறு தலை போடுவோம். உள்ளே இருப்பது கம்பி எலும்பு. ஒரே இடத்தில் நூறு தடவை வளைத்தால் கம்பி முறியும். உடனே பிளேடால் கையைக் கீறி, முறிந்த துண்டைக் குறட்டால் பிடுங்கி, புதுக்கம்பி வைத்துத் தைக்க வேண்டும். ஒருநாள் பிளேடு வழுக்கி என் பெருவிரலைப் பிளந்துவிட்டது. கரடியின் நெஞ்செல்லாம் என் இரத்தம். முதலில் கரடியைத்தான் கழுவினேன், பிறகுதான் என் விரலைப் பார்த்தேன்.

வேலை என்றால் இதுதான்: பொம்மையை ஒரு மயிரளவு அசைப்பது, விலகி நிற்பது, ஒரு படம் எடுப்பது, மறுபடி அசைப்பது. ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். கரடி கையைத் தூக்கிச் சொறிந்துகொள்ள ஒரு காலை முழுக்கப் போய்விடும். அதோடு கரையோர ரயில் வேறு. ரயில் வரும்போது தரை நடுங்கும், இலைகள் இடம் மாறும். அதனால் தூரத்தில் ஹோர்ன் கேட்டதும் எல்லோரும் பொம்மையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சுவரோடு ஒட்டி நிற்போம். ரயில் போய் ஓய்ந்த பிறகு, எது எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துப் பழைய இடத்தில் வைப்போம். நான் அலுத்துக்கொண்டதே இல்லை. எங்கள் டைரக்டர் மாளிகாவத்தைக்காரர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தங்கச்சிட பொறுமைக்கு, அந்தப் புள்ள குடுத்து வச்சது" என்றார்.

பகல் முழுக்கப் பொறுமையைச் செலவழித்துவிட்டு வருகிறேன், வீட்டுக்கு மிச்சமில்லை என்று நான் எனக்கே கனகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாட்டு. உண்மை வேறு. பொம்மையை முரட்டுத்தனமாகத் தொட்டால் ஷாட் பழுதாகிவிடும் என்று எனக்குத் தெரியும். மகளை அடித்தால் ஒன்றும் பழுதாகாது என்று நினைத்திருந்தேன்.

எதற்காக அடித்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டுப் பெட்டியில் பாதிச் சோறு மிச்சம் வந்ததற்கு. கணக்குப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததற்கு. நான் இரண்டு தரம் கூப்பிட்டும் வராமல் மூன்றாம் தரம் வந்ததற்கு. அவளுடைய தகப்பன் கனடாவில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். அந்தக் கோபத்துக்கும் சில அடி அவளுக்குத்தான் விழுந்திருக்கும். பிரம்பை நான் தேடியதில்லை. அகப்பை, செருப்பு, வீடு கூட்டுகிற தும்புத்தடி என்று கைக்குக் கிடைத்தது எதுவோ அது.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகளில் அவருக்கு உயிர். கோவில் திருவிழாவுக்கென்று மகளை அங்கே கூட்டிப்போனபோது, உடுப்பு மாற்றிவிட்டவர் பின்னங்காலில் இரண்டு கோடுகளைக் கண்டுவிட்டார். தேர் பார்த்து, சாப்பிட்டு, மகளை அத்தானோடு கடைக்கு அனுப்பிய பிறகு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"இனி இவளின்ர உடம்பில ஒரு அடையாளம் கண்டனெண்டால், பிள்ளையை நான் கொண்டுவந்து வச்சிருப்பன். நீ பொலிசுக்குப் போ, கோர்ட்டுக்குப் போ. நானும் வாறன். வந்து எல்லாத்தையும் சொல்லுறன்."

அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னால் செய்வார். அன்றிலிருந்து எனக்கு வேறு பயம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவளைக் கொண்டுபோய்விட்டால் அந்த நாலாம் மாடி வீட்டில் எனக்கு யார்? காலையில் யாருக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவேன்? அவள் போய்விடுவாள் என்ற நினைப்பே என்னைக் கொன்றது. அப்படியும் நான் அடிப்பதை நிறுத்தவில்லை. இடத்தை மட்டும் மாற்றினேன். விரல் மொளியால் உச்சந்தலையில் குட்டினால், முடிக்குள் அடையாளம் தெரியாது. இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறேன். கண்மண் தெரியாத கோபம் என்று இனி நான் சொல்ல முடியாது.

பள்ளிக்கூட லீவில் மகள் என்னோடு வேலைக்கு வந்தாள். காடு அவளுக்குப் பிடிக்கும். சின்னச் சின்னக் கடதாசி இலைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பாள், ரயில் ஹோர்ன் எல்லோருக்கும் முன்பாக அவளுக்குக் கேட்கும். "ரயில்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சுவரோடு போய் நிற்பாள். நானா அவளுக்கு மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக் கொடுப்பார்.

அந்த வாரம் எனக்குக் கிடைத்தது ஒரு நல்ல ஷாட். தேவாங்குக் குட்டி மரத்திலிருந்து விழுந்துவிட்டது. அழுதுகொண்டிருக்கிறது. அதன் தலையில் ஒரு காய்ந்த இலை. கரடி வந்து, கையை நீட்டி, அந்த இலையை எடுத்துவிடுகிறது. குட்டி அண்ணாந்து பார்க்கிறது. எல்லாம் சேர்த்துப் பதினான்கு விநாடி. இப்படியான இடங்களில் நாங்கள் முதலில் நாங்களே நடித்துப் படம் எடுப்போம். பிறகு அதை ஒவ்வொரு ஃபிரேமாகப் பிரித்து, மடிக்கணினியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோள் எவ்வளவு ஏறுகிறது, கழுத்து எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொம்மையை அசைப்போம்.

"நான் கரடி, நீ தேவாங்கு" என்றேன் மகளிடம். "நான் வந்து இலையை எடுப்பன். நீ சும்மா இரு. உனக்கு எப்பிடி வருதோ அப்பிடிச் செய்."

தொலைபேசியைத் தாங்கியில் பொருத்திவிட்டு, அவள் முடியில் ஒரு காய்ந்த இலையைச் செருகினேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தாள். நான் கரடி மாதிரி அசைந்து அசைந்து வந்தேன், அவள் சிரித்தாள். கையை நீட்டினேன். இலையை எடுத்தேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரே தடவையில் முடிந்தது. நேரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பதினான்கு விநாடி, சரி.

அடுத்த நாலு நாளும் அந்தக் குட்டியோடு கிடந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் பத்துப் படத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். நான் ஷாட் முடியும்வரை ஓட்டிப் பார்க்க மாட்டேன். ஓட்டிப் பார்த்தால் மனம் தடுமாறும், கை பிசகும் என்பது என் கட்சி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. ஃபிரேம் ஐம்பத்திரண்டு: வலது தோள் மேலே. ஐம்பத்துமூன்று: இன்னும் மேலே, கழுத்து உள்ளே. ஐம்பத்துநான்கு: முழங்கை வெளியே வருகிறது. ஐம்பத்தைந்து: உள்ளங்கை காதை மூடுகிறது, ஒரு கண் பாதி. இப்படித்தான் நான் அவளைப் பார்த்தேன், தோளாக, முழங்கையாக, கண்ணிமையாக. நாலு நாளும் என் சொந்த விரல்களால், மயிரளவு மயிரளவாக, அதைச் செய்தேன். கைதேர்ந்த வேலை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். கண்ணில் படாமல் இல்லை. ஆனால் நான் கையைத் தூக்கினால் அவள் அப்படிச் சுருள்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. யன்னலைத் திறந்தால் காற்று வருவது போல. பிள்ளைகள் என்றால் அப்படித்தான் அசைவார்கள் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரும் கூடிப் பார்த்தோம். தொலைக்காட்சியிலிருந்து ஒரு சிங்களப் பெண்மணி வந்திருந்தார். என் மகள் மூலையில் இலை பிரித்துக்கொண்டிருந்தாள். நானா ஷாட்டை ஓட்டினார்.

கரடி வருகிறது. கை நீட்டுகிறது. தேவாங்குக் குட்டி தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டு, முழங்கையை உயர்த்தி, காதைப் பொத்தி, அடிக்குக் காத்திருக்கிறது. இலையைத்தான் எடுத்தது என்று தெரிந்ததும், மெதுவாக, ஒரு கண்ணை முதலில் திறந்து, அண்ணாந்து பார்க்கிறது.

நானா இன்னொரு தடவை ஓட்டினார். அந்தப் பெண்மணி, இந்தக் குட்டி ஏன் கரடிக்கு இவ்வளவு பயப்படுகிறது, முந்தைய பகுதியில் ஏதாவது நடந்ததா என்று சிங்களத்தில் கேட்டார். நல்லபடியாகத்தான் கேட்டார்.

"தங்கச்சி, வேலையெண்டா அப்பிடியொரு வேல" என்றார் நானா. "உசிரோட ஈக்கிது. ஆனா, கரடி இதுக்கு முந்தி அடிச்சி ஈக்கிறாப் போலயில்ல தெரியிது."

எனக்கு இரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தேன். மகள் இலைகளை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த அறையில் எங்கள் இருவருக்கு மட்டுந்தான் அது யார் என்று தெரியும். டைமிங் பிழைத்துவிட்டது, திங்கட்கிழமை மறுபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த நேரத்தில் ஒரு மனுஷி என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நடுத்தெருவில் இருந்து அழுதிருக்க வேண்டும். நான் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காலி வீதியைக் கடந்தேன். என் மானம் போய்விட்டது, இவளால் போய்விட்டது, அந்தப் பெண்மணி ஊகித்திருப்பாள், நானா ஊகித்திருப்பார், இது அக்காவின் காதுக்குப் போகும். மண்டைக்குள் இதுதான் ஓடியது. அவள் பக்கத்தில் ஓடிஓடி வந்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவள் நேரே போய் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டால் கதை கொட்டாஞ்சேனைக்குப் போகும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. என்னை விட்டுப் போக அவளுக்கும் விருப்பமில்லை. சாத்திவிட்டு வந்து, அறையின் நடுவில் நின்றாள்.

"சும்மா இரு எண்டு சொன்னனான்தானே" என்றேன். "ஏன் அப்பிடிச் செய்தனீ? உன்னால நாலு நாள் வேலை போச்சு. எல்லாருக்கும் முன்னால என்னைக் கேவலப்படுத்திப் போட்டாய்."

"எனக்குத் தெரியாமல் வந்திட்டுது, அம்மா."

கதவுக்குப் பின்னால் தும்புத்தடி இருந்தது. முதல் அடி தொடையில். இரண்டாவது முதுகில். அவள் கத்தவில்லை, அது எனக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. மூன்றாவதைத் தலைக்கு ஓங்கினேன். தலைக்குத்தான் ஓங்கினேன், இதில் மழுப்ப ஒன்றுமில்லை. அவள் படத்தில் செய்தது போலவே செய்தாள். தோள் ஏறியது, கழுத்து உள்ளே போனது, முழங்கை வெளியே வந்தது. தடி அவளுடைய மணிக்கட்டில் விழுந்தது. முறிகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், வேலையில் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிற சத்தம்.

நான் தடியைப் போட்டுவிட்டேன். அவள் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

த்ரீவீலில் பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளிக்கிழமை நெரிசல், ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், "படியில விழுந்தன் எண்டு சொல்லுவம், அம்மா" என்றாள். சாரதிக்குக் கேட்காதபடி என் காதோடு சொன்னாள். "பெரியம்மாவுக்கும் அப்பிடியே சொல்லுவம்."

"ஓம்" என்றேன். என் வாயிலிருந்து வந்த சொற்களில் அதைவிடக் கேடுகெட்ட சொல் ஒன்று இல்லை. கெட்ட வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது மகள். எந்தப் படி, எந்தக் கால் சறுக்கியது, எப்படிக் கை ஊன்றினாள் என்று பிசகில்லாத சிங்களத்தில் சொன்னாள். நேர்ஸ் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார். எலும்பில் வெடிப்பு. முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஊசி போட நேர்ஸ் தன் கையை உயர்த்தியபோது மகள் அதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

மறுநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். மகள் படிக்கதையைச் சொன்னாள். பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"உங்கட பில்டிங்கில லிஃப்ட் இருக்கெல்லோ" என்றார்.

"பழுதாப் போச்சு, அக்கா."

"ஆ" என்றார். அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது மகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். அந்த ஷாட்டை மறுபடி நடித்துக் காட்டத் தானே வருகிறாளாம். வேண்டாம், கை நோகும் என்றேன்.

"நான் பழகிட்டன், அம்மா. இந்தமுறை அசைய மாட்டன்."

எப்படிப் பழகினாய் என்று கேட்டேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நல்ல கையைத் தூக்கித் தூக்கித் தன் தலைக்குக் கொண்டுபோய்ப் பழகியிருக்கிறாள். சனியும் ஞாயிறும். அவள் உள்ளே குளிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே போய் மறுபடி தொலைபேசியைப் பொருத்தினேன். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் இருந்தாள். இலையைச் செருகினேன். கரடியாக வந்து கையை நீட்டினேன். அவள் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. தோள் அப்படியே இருந்தது. இலையை எடுத்தேன். "சரியோ?" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை எனக்கு எழுதத் தெரியாது. எனக்கு ஒரு உதவி செய்துவிட்டாளாம்.

சரி என்று சொல்லிவிட்டு மடிக்கணினியில் போட்டுப் பிரித்தேன். ஃபிரேம் நாற்பது. நாற்பத்தொன்று. முகத்தில் ஒன்றுமில்லை. அப்போதுதான் கீழே பார்த்தேன். கால்விரல்கள் பத்தும் உள்ளே மடங்கித் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பிறகு நெஞ்சைப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பொம்மை சும்மா நின்றாலும் மூச்சு விட வேண்டும், விடாவிட்டால் அது செத்த பொம்மை என்பதுதான். என் கை நீளத் தொடங்கியதிலிருந்து திரும்பிப் போகும்வரை, ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினேன். என் பிள்ளை மூச்சு விடவில்லை.

நான் படிக்கட்டுக்கு வந்து அக்காவை அழைத்தேன். "அவள் விழேல்ல, அக்கா. நான்தான் முறிச்சனான்" என்றேன். அக்கா அழுதார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன், அவர் அழுதுகொண்டேயிருந்தார். பிள்ளையை நானே கொண்டுவருகிறேன் என்றேன்.

உடுப்புகளைப் பையில் அடுக்கும்போது மகளுக்கு விளங்கிவிட்டது. அவள் அழுதாள். எத்தனை அடிக்கும் அழாதவள், அந்தப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் அசையேல்லத்தானே, அம்மா. பிறகேன் அனுப்புறீங்கள்?"

உன்னுடைய பிழை ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவளுக்கு அது கேட்கவில்லை. கொட்டாஞ்சேனை போகும்வரை அவள் பையின் வாரை விடவில்லை.

அக்கா வீட்டில் இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார். மகள் இடக்கையால் சாப்பிடக் கஷ்டப்பட்டாள். அக்கா பக்கத்தில் இருந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய தலையில் நூலோ எதுவோ ஒட்டியிருந்தது. அக்கா சட்டென்று கையைத் தூக்கி அதை எடுத்தார். மகள் மென்றுகொண்டேயிருந்தாள். அந்தக் கை தன் தலைக்கு வந்ததையே அவள் கவனிக்கவில்லை. நான் எதிரில் இருந்து பார்த்தேன். நான் பெற்று ஒன்பது வருடம் வளர்த்த பிள்ளை, தலைக்கு ஒரு கை வரும்போது எப்படி இருப்பாள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டு நாள் கழித்து வெட்கத்தை விட்டு அக்காவிடம் கேட்டேன், மகளின் தலையில் ஒரு இலையை வைத்து, தன் கையால் எடுத்து, அதைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று. "உனக்கு இப்பவும் உந்தப் படந்தானோ" என்று ஏசினார். ஆனாலும் அனுப்பினார். அதைப் பார்த்துத்தான் ஷாட்டைச் செய்தேன். இம்முறை பத்துப் படத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நானாவுக்குப் பிடித்தது, அந்தப் பெண்மணிக்கும் பிடித்தது. இப்போது தொலைக்காட்சியில் போகிறது. கரடியின் கை அவ்வளவு மெதுவாக இறங்குகிறதே என்று சிலர் என்னைப் பாராட்டினார்கள். அது என் கை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் அக்காவோடுதான் இருக்கிறாள், பள்ளிக்கூடமும் அங்கேயே மாற்றியாயிற்று. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். கோபத்துக்கு ஒரு வைத்தியரிடமும் போகிறேன். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றிலிருந்து மகள் மேல் நான் கை வைத்ததில்லை. வருடம் ஒன்று ஆகிறது.

போன ஞாயிறு அக்கா கடைக்குப் போயிருந்தார். மகள் மேசையில் இருந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரே புழுக்கம். மின்விசிறிச் சுவிச் அவளுடைய தலைக்கு மேலே சுவரில் இருக்கிறது. போடலாமென்று கையைத் தூக்கினேன். அவள் சுருண்டுவிட்டாள். தோள், கழுத்து, முழங்கை, எல்லாம். பென்சில் தரையில் விழுந்தது.

"சொறி, அம்மா" என்றாள்.

நான் கையை இறக்கிவிட்டு, அவளுக்கு எதிரில் போய் இருந்தேன். வைத்தியரிடம் பலதரம் சொல்லிப் பழகியதை அவளிடம் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். "நீ படியில விழேல்ல. நான் அடிச்சுத்தான் முறிஞ்சது. நீ ஒரு பிழையும் செய்யேல்ல."

"தெரியும்" என்றாள். என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரித்தான் சொன்னாள். பென்சிலை எடுத்தாள். பிறகு எழும்பி, கதிரையைச் சுவரிலிருந்து என் கை எட்டாத தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அதில் இருந்து, "இப்ப ஃபேனைப் போடுங்கோ, அம்மா" என்றாள்.